மரத்துப் போவதற்குள்

முப்பத்திரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், இடுப்பில் கட்டிய ஒரு பெல்ட்டை நம்பித் தொங்கிக்கொண்டு, டார்ச் விளக்கை வலது கடைவாயில் கடித்தபடி கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவுகிற ஆள் அவன். வலது கடைவாய் என்பதைக் கவனிக்க வேண்டும். இடது பக்கத்தில் கடிப்பதற்கு லாயக்கான பல் எதுவும் இல்லை. கீழே பார்த்தால் தலை சுற்றாதா என்று யாராவது கேட்டால், "அங்க பார்க்க என்ன இருக்கு, இருட்டுதானே" என்பான். அப்பேர்ப்பட்ட தைரியசாலி, பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவே இல்லை. வயது முப்பத்தைந்து.

அக்காவுக்கு நாற்பத்தாறு. துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். தெருவில் அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, பத்தொன்பது வயதில் எட்டு வயதுத் தம்பியை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியவள். "எங்கக்கா இல்லைன்னா நான் இல்ல" என்று அவன் யாரிடமாவது சொன்னால் கேட்பவர்கள் நெகிழ்ந்து போவார்கள். அக்கா மட்டும் உடனே அடுப்பைப் பார்க்கவோ கதவைத் தாழிடவோ எழுந்து போய்விடுவாள். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது தன்னடக்கம் இல்லை.

பத்து நாளாக வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்கிக்கொண்டிருந்தவன், கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியதும்தான் வழிக்கு வந்தான். வந்தான் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அக்கா இழுத்துக்கொண்டு வந்தாள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். அவன் நின்ற நிலையைப் பார்த்தே ஆளைப் புரிந்துகொண்டாள். "அந்த நாற்காலிப் பக்கமே போக வேண்டாம். இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. இன்னைக்கு நான் எந்தக் கருவியையும் தொடப் போறதில்ல" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வீக்கத்தை வெளியிலிருந்தே பார்த்தாள். அவனாகத் திறந்த அளவுக்கு வாய்க்குள் விளக்கடித்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஃபைலில் ரொம்ப நேரம் எழுதினாள்.

"நாலு பல் எடுக்கணும். ரெண்டு தடவையா எடுக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா மூணைக் காப்பாத்தியிருக்கலாம்."

திட்டுகிற குரல் இல்லை. இருந்தும் அந்த மூன்றையும் தானே பிடுங்கியது போல இருந்தது அக்காவுக்கு.

"பயப்படறவங்களுக்கு இப்ப நிறைய வழி இருக்கு" என்று டாக்டர் ஆரம்பித்தாள். "மூக்கு மேல ஒரு சின்ன மூடி வச்சு வாயு குடுப்போம். முழிச்சுக்கிட்டேதான் இருப்பீங்க, மனசு மட்டும் லேசாயிடும். கழட்டினா அஞ்சு நிமிஷத்துல பழையபடி ஆயிடுவீங்க." மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பர் மூடி ஒன்றை எடுத்து, எப்படி உட்காரும் என்று காட்டுவதற்காக அவன் முகத்தருகே கொண்டுபோனாள்.

ஸ்டூல் பின்னால் சரிந்து விழுந்தது. அவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். மூச்சு வாங்கியது.

"மூஞ்சி மேல எதுவும் வேண்டாம் டாக்டர். கை வச்சு அமுக்கற மாதிரி இருக்கு."

"சரி, வேண்டாம்." மூடியை உள்ளே போட்டு இழுப்பறையை மூடினாள். அவன் உட்காரும்வரை பொறுத்திருந்தாள். "மாத்திரை இருக்கு, ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுட்டு வரணும். உங்களுக்கு அது பத்தாதுன்னு தோணுது. நரம்பு வழியா மருந்து ஏத்தறது இருக்கு. அதுக்குன்னு மயக்க டாக்டர் வருவார். தூங்கிட மாட்டீங்க. கூப்பிட்டா பதில் சொல்வீங்க, வாயைத் திறங்கன்னா திறப்பீங்க, ஆனா அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. அதுக்கும் மேலன்னா பெரிய ஆஸ்பத்திரியில முழு மயக்கம். எதுவா இருந்தாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இதெல்லாம் பயத்தைத் தணிக்கத்தான். வலி தெரியாம இருக்க மரத்துப் போற ஊசி தனியா போட்டாகணும்."

"அந்த ஊசி எனக்கு வேலை செய்யாது டாக்டர்."

டாக்டரின் பேனா நின்றது. "யார் சொன்னா?"

"எட்டு வயசுல ஒரு பல் எடுத்தாங்க. ஊசி போட்டாங்க. துளிகூட மரக்கல. அப்படியே பிடுங்கினான் அந்த ராட்சசன். நான் கத்தக் கத்த, பின்னாடி நின்ன நர்ஸ் கையை வச்சு என் கண்ணையும் மூக்கையும் சேத்து அமுக்கிட்டா. மூச்சு விட முடியல." அவன் அக்காவைக் கை காட்டினான். "இவ வெளியில பெஞ்சுல இருந்தா. உள்ள இருந்திருந்தா விட்டிருப்பாளா?"

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினாள். "ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு எடுத்தாங்கன்னு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது டாக்டர். நான் வெளியில இருந்தேன்."

தடுமாறாமல் வந்தது. இருபத்தேழு வருடப் பழக்கம் லேசுப்பட்டதா? டாக்டர் சிவப்புப் பேனாவை எடுத்து ஃபைலின் தலைப்பில் ஒரு வரி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். "சில பேருக்கு அந்த மருந்து சரியா பிடிக்காது. அபூர்வம்தான், ஆனா உண்டு. நல்ல வேளை சொன்னீங்க."

நடந்தது வேறு. அதைச் சொல்லிவிடுவோம்.

அப்போது அக்கா ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற வரிசையில் இருந்தாள். சேர்ந்து ஐந்து வாரம். பல்வலியில் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்த தம்பிக்காக, சூப்பர்வைசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் வாங்கியிருந்தாள். இரண்டு மணிக்குத் தொழிற்சாலை கேட் மூடும். மூடியபின் வருகிறவள் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம், மறுநாளும் வர வேண்டாம். அந்த வேலை போனால் இரண்டு வயிற்றுக்கும் வழியில்லை.

பல் டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. ஊசி போட்டுவிட்டு, "பத்து நிமிஷம் ஆகட்டும், நல்லா மரத்துப் போகட்டும். நீ வெளியில உக்காரும்மா" என்றார். அக்கா வெளியே போனாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, எழுந்து உள்ளே போனாள். நர்ஸ் பக்கத்து அறையில் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தாள். தம்பி நாற்காலியில் சாய்ந்து கிடந்தான், அக்கா நுழைந்தது தலைக்குப் பின்னால். அவள் வந்ததும் நேரம் ஆகிவிட்டது போல என்று நினைத்து, டாக்டர் பையனைப் பார்த்து, "மரத்துப் போச்சா கண்ணு?" என்றார். வாயில் பஞ்சோடு பையன் ஏதோ அழுதான். டாக்டர் நிமிர்ந்து அவன் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அக்கா தலையை ஆட்டினாள். போச்சு என்று.

பிறகு பையன் திமிறியபோது, பின்னாலிருந்து அவன் முகத்தைப் பொத்திப் பிடித்தவளும் அவள்தான். முடிந்ததும் அவன் பார்ப்பதற்குள் வெளியே ஓடி, பெஞ்சில் உட்கார்ந்து, அப்போதுதான் எழுவது போல எழுந்தாள். ரத்தம் வழியும் வாயோடு அவன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பியபோது, "அந்த டாக்டர் ஒரு ராட்சசன்டா, இனிமே இங்க வரவே வேண்டாம்" என்றாள். வேறு என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. பையன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அந்த மனிதர் காலமாகிப் பல வருடமாகிறது. இந்த வீட்டில் மட்டும் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிடலாம் என்று அக்கா நினைக்காத வருடம் இல்லை. அவன் பெரியவனானதும் சொல்லலாம், வேலையில் சேர்ந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இதற்கிடையில் அவன் வாயில் ஒவ்வொன்றாகச் சொத்தை விழுந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கப் பழகிக்கொண்டான். அவன் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

வீக்கம் வடிய ஒரு வாரம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது முடிந்து மயக்க டாக்டரைப் பார்த்துவிட்டு, தம்பி நேராக அக்காவின் கடைக்கு வந்தான். அவள் யாரோ ஒருவரின் பேன்ட்டின் கால் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"முழு மயக்கமாம்க்கா. பெரிய ஆஸ்பத்திரியிலதானாம்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊசி பிடிக்காத உடம்புன்னா அதுதான் வழின்னு சொல்லிட்டாங்க. இதுல இன்னொரு தொந்தரவு. நான் குறட்டை விடறேன்ல, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம். முழு மயக்கம் குடுத்தா மத்தவங்களைவிட எனக்கு ஆபத்து கொஞ்சம் கூடத்தான்னு மயக்க டாக்டர் சொன்னார். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல போட்டுக் கையெழுத்து கேக்கறாங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எனக்கு ஏதாவது ஆயிட்டா என் டூல்ஸ் பெட்டியை எவனுக்கும் குடுத்துடாதே. எட்டாம் நம்பர் ஸ்பேனரைத் திருப்பித் தர மாட்டானுங்க."

சிரித்தான். கை வாய்க்குப் போனது. அக்கா குனிந்து பார்த்தபோது, உள்ளே யாரும் காலை விட முடியாதபடி பேன்ட் காலின் வாயை அடைத்துத் தைத்திருந்தாள்.

அன்று முழுக்க அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பல் போனால் போகட்டும், கட்டிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. தான் சொன்ன பொய், டாக்டரின் ஃபைலில் சிவப்பு மையில் உட்கார்ந்துகொண்டு, அவன் மூச்சு வரைக்கும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் தனியாக மருத்துவமனைக்குப் போனாள்.

பல் டாக்டரிடம் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பாத்திரம் கவிழ்ந்த மாதிரி எல்லாம் கொட்டிவிட்டது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊசி போட்டு எத்தனை நிமிஷத்துல எடுத்தாங்க?"

"ரெண்டு இருக்கும். மூணுகூட இல்ல."

"ரெண்டு நிமிஷத்துல யாருக்குமே மரக்காதும்மா." டாக்டர் ஃபைலை எடுத்துச் சிவப்பு வரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அவன் பக்கத்துல இருந்தான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "உதட்டுல கொஞ்சம் மருந்து போட்டு மரக்குதான்னு பார்த்துக்கறேன். மரத்துச்சுன்னா முழு மயக்கம் வேண்டாம், நரம்பு வழியாவே இங்கேயே பண்ணிடலாம். ஆனா நான் அவர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஏன் மாத்தினீங்கன்னு கேட்டார்னா, உங்க அக்காவைக் கேளுங்கன்னு சொல்லிடுவேன்."

அவன் கேட்கவில்லை. முழு மயக்கம் தேவைப்படாமல் போகலாம் என்று தெரிந்ததும் காரணமெல்லாம் யாருக்கு வேண்டும்? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அக்காவின் கையை நசுக்கியபடி உதட்டில் அந்த ஒரு சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டான். ஐந்து நிமிடம் கழித்து உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தான். "காணவே காணோம்க்கா, உதடு யாருதோ மாதிரி இருக்கு" என்று ஆச்சரியப்பட்டான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப மட்டும் ஏன் மரக்கல?" என்றான். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவனே, "சின்ன வயசு உடம்பு வேற மாதிரி இருந்திருக்கும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டான். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்வதில் மட்டும் அவளுக்கு ஒருபோதும் நேரம் தப்பியதில்லை.

பல் எடுக்கிற நாள் வந்தது. ஆறு மணி நேரம் பட்டினி, தொளதொளப்பான சட்டை, கூட ஒரு துணை. துணைக்கு வருகிறவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இருபத்துநான்கு மணி நேரம் நோயாளியைத் தனியாக விடக் கூடாது. அதுவரை அவர் வண்டி ஓட்டக் கூடாது, மெஷின் எதையும் தொடக் கூடாது, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

மயக்க டாக்டர் கலகலப்பான ஆள். தம்பியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, புறங்கையில் ஊசி ஏற்றிக்கொண்டே லிஃப்டைப் பற்றி விசாரித்தார். கம்பி வடம் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தம்பி பிரேக்கைப் பற்றி விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் லேசாகச் சிரித்து, கண்ணைச் சொருகினான். மயக்க டாக்டர் அக்காவைக் கதவு வரைக்கும் கூட்டிவந்தார்.

"இப்ப பேசுவார், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்வார். ஆனா இந்த ஒரு மணி நேரம் அவர் வாழ்க்கையிலேயே இருக்காது. நாளைக்குக் கேட்டா எதுவும் தெரியாது" என்றவர், "வீட்டை எழுதி வாங்கணும்னா இதுதான் சமயம்" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் மனசு வேறொரு வழியில் ஓட ஆரம்பித்துவிட்டது.

பதினொன்றே கால் மணிக்கு அவனைப் பக்கத்து அறையில் படுக்கவைத்து அவளை உள்ளே விட்டார்கள். இரண்டு பல் எடுத்தாயிற்று. வாயோரத்தில் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான், பஞ்சு வழியாக.

"இங்கதான்டா இருக்கேன்."

"வலிக்கவே இல்ல."

அவள் கட்டில் பக்கம் குனிந்தாள். யோசித்துச் செய்தாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். யோசிக்காமல் செய்தாள் என்றால் அது பொய். காதுக்குப் பக்கத்தில் போய், மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். பெஞ்சை, கடிகாரத்தை, தலையை ஆட்டியதை. "உன் மூஞ்சியைப் பொத்தினது நர்ஸ் இல்லடா. நான்தான்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை பார்ப்பது போல இருந்தது. பிறகு கிளிப் மாட்டிய விரலோடு கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தட்டினான்.

"அதுக்கென்னக்கா. நீ வேலைக்குப் போகணும்ல. பரவால்ல. அழாத."

அக்கா அழுதாள். இருபத்தேழு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் புடவைத் தலைப்பு நனைய வந்தது. நர்ஸ் திரையை விலக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கார், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாடகைக் காரில் அவனை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியெல்லாம் அக்காவுக்கு உடம்பில் எடையே இல்லை. சிக்னலில் நின்ற பழவண்டிக்காரனைப் பார்த்துக்கூடச் சிரித்தாள்.

சாயங்காலம் அவன் நன்றாகத் தெளிந்து எழுந்தான். கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உற்சாகமாக இருந்தான்.

"பிரேக்கைப் பத்தி ஏதோ சொல்லிக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான் தெரியுது. அப்புறம் பார்த்தா கார்ல இருக்கேன். நான் ஏதாவது உளறினேனாக்கா?"

"இல்லடா" என்றாள்.

"எவ்வளவு தன்மையா பண்ணாங்க பாரு. அந்த ராட்சசன் மட்டும் இப்படிப் பண்ணியிருந்தான்னா என் வாய் இப்படி ஆகியிருக்குமா? சின்னப் பையன் கத்தறானே, கொஞ்சம் பொறுப்போம்னு ஒரு மனுஷனுக்குத் தோணாதா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் கிடைத்தது மன்னிப்பு இல்லை. தூங்குகிறவன் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தது. கொடுத்தவனுக்கே கொடுத்தது தெரியாது. தெரியாது என்று தெரிந்துதான் அவள் வாங்கினாள். முதல் தப்புக்காவது பத்தொன்பது வயது, மூடப்போகிற கேட், இரண்டு வயிறு என்று ஏதோ ஒரு சாக்கு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. எதைச் சொல்லித் தப்பிப்பது என்று அவளும் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. இருபத்துநான்கு மணி நேரம் முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. இது எந்தத் தாளையும்விட முக்கியமானது. அரை மயக்கத்தில் இன்னொரு தடவை அவனிடம் எதையும் வாங்கக் கூடாது. மருந்தெல்லாம் இறங்கி, முழு ஆளாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். திட்டினாலும் அது அவன் திட்டாக இருக்கட்டும்.

அக்கா அங்கேயே தங்கினாள். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவினாள், அவன் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் சரிபார்த்தாள், விழாத பொத்தானையும் பிய்த்து மறுபடி தைத்தாள். கண் மட்டும் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பதினொன்றரை ஆனது. பாலில் ஊறிய ரொட்டியை அவன் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். நான் முடிக்கிறவரைக்கும் எதுவும் பேசாதே."

சொன்னாள். நேற்றுச் சொன்னதைவிட அதிகமாக நேரம் எடுத்தது. நேற்று அவன் கண் பாதி மூடியிருந்தது, இன்று முழுசாகத் திறந்து அவள் முகத்தின் மேலேயே இருந்தது. டாக்டரிடம் தனியாகப் போனதையும் சிவப்பு வரியையும் சொன்னாள். முடித்தபோது ரொட்டி பாலில் கரைந்து போயிருந்தது.

அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"அன்னைக்கு கேட் மூடறதுக்குள்ள போயிட்டியா?"

இப்படிக் கேட்பான் என்று அவள் நினைக்கவில்லை. "போயிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

இதை அவள் பல் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

"உன்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடினேன். போய் நின்னப்ப ஒண்ணு அம்பது. பத்து நிமிஷம் வாசல்லயே நின்னேன்."

"டாக்டர் எவ்வளவு நேரம் பொறுக்கச் சொன்னார்?"

"பத்து நிமிஷம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கன்னத்தில் கை வைத்து, பல் எடுத்த இடத்தை வெளியிலிருந்தே அமுக்கிக்கொண்டான். மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"முந்தாநேத்து வரைக்கும் சொல்லல. நேத்தும் சொல்லல. இப்ப ஏன் சொல்ற?"

"நேத்து சொன்னேன்டா. நீ மயக்கத்துல இருந்தப்ப."

அவன் நிமிர்ந்தான். "எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு தெரிஞ்சே சொன்னியா?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் இருந்தது, கன்னத்தில் தட்டியதுகூட இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். அவன் நல்ல பிள்ளை. தான் சொன்ன சொல்லாயிற்றே என்று அதைக் காப்பாற்றிவிடுவான்.

"நீ ஒண்ணும் சொல்லல" என்றாள் அக்கா. "தூங்கிட்ட."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான். குழாயைத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டே கழுவினான்.

"அடுத்த வியாழக்கிழமை மீதி ரெண்டு பல்லு. என் கூட வேலை செய்யறவன்கிட்டச் சொல்லிக்கறேன். துணைக்கு அவன் வரட்டும்."

"சரிடா."

"அப்ப நான் இன்னும் எதுவும் சொல்லல, இல்லையா?"

"இல்ல" என்றாள். "நீ இன்னும் எதுவும் சொல்லல."

"நல்லது" என்றான் தம்பி. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படி இறங்கினாள்.